டம்பெல் பயிற்சிக் கையேட்டை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வணக்கம் நண்பர்களே. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து பேசுகிறேன். ஜிம்முக்குச் செல்ல நேரம் வாய்க்காமல் வீட்டிலேயே ஒரு ஜோடி டம்பெல் வாங்கி வைத்திருக்கும் நேயர்கள், எந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பயிற்சி செய்யலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்வதைவிட, எந்தக் கையேட்டையும் கடையில் நின்றபடியே சோதித்துப் பார்க்கும் வழியைச் சொல்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

அட்டைப்படத்தையோ உள்ளே எத்தனை பயிற்சிகள் இருக்கின்றன என்பதையோ பார்க்க வேண்டாம். ஒற்றைக் கை ரோ பயிற்சி உள்ள பக்கத்தைத் திறவுங்கள். ஒரு கையையும் ஒரு முழங்காலையும் பெஞ்சில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் டம்பெல்லை மேலே இழுக்கும் பயிற்சி அது. "டம்பெல்லை மார்பு வரை தூக்கவும், 12 முறை செய்யவும்" என்ற ஒரு வரியோடும் இரண்டு படங்களோடும் அந்தப் பக்கம் முடிந்துவிட்டால், புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நல்ல கையேடு, முதுகு வளையாமல் நேராக இருக்க வேண்டும் என்பதையும், முழங்கை இடுப்பை நோக்கிப் போக வேண்டும் என்பதையும், தோள் காதை நோக்கி ஏறவோ உடல் திருகிக்கொள்ளவோ கூடாது என்பதையும் சொல்லியிருக்கும். அக்குளுக்குக் கீழே முதுகின் பக்கத் தசையில் உழைப்பு தெரிய வேண்டும் என்றும், முன்கை மட்டும் களைத்துப்போனால் இழுக்கும் முறையைத் திருத்த வேண்டும் என்றும் அது எழுதியிருந்தால், ஆட்களை நேரில் பயிற்றுவித்த ஒருவர் எழுதியது என்று நம்பலாம்.

மூச்சைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்பதையும் அதே பக்கத்தில் பாருங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும் என்பதால், தூக்கும்போது மூச்சை விட்டு, இறக்கும்போது இழுக்க வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், மருத்துவரிடம் கேட்ட பிறகே எடையைத் தொட வேண்டும்.

நம் ஊரில் கொலுசுப் பட்டறையிலும் தறியிலும் நாள் முழுவதும் குனிந்து வேலை பார்ப்பவர்கள் அதிகம். அவர்களுக்கு மார்புப் பயிற்சிகளை அடுக்கிவிட்டு, முதுகுக்கும் காலுக்கும் பேருக்கு ஒன்றிரண்டு மட்டும் தரும் கையேட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வாரத்தில் குறைந்தது 2 நாள் வேலை தர வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதற்கு ஏற்ற வாராந்திர அட்டவணை புத்தகத்தில் இருந்தாக வேண்டும். வயிற்றுப் பயிற்சியால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்று எழுதியிருந்தால், மேற்கொண்டு புரட்ட வேண்டியதே இல்லை.

பெரும்பாலான கையேடுகள் கைவிட்டுவிடும் இடம், எடையை எப்போது, எவ்வளவு கூட்டுவது என்பதுதான். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி (ACSM) என்ற நிபுணர் அமைப்பு 2009இல் வெளியிட்ட அறிக்கை, குறித்த எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு முறை கூடுதலாக, அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாட்களில் செய்ய முடிந்தால், எடையை 2 முதல் 10 சதவீதம் வரை கூட்டலாம் என்கிறது. ஆனால் 5 கிலோ டம்பெல்லிலிருந்து 7.5 கிலோவுக்குத் தாவினால் அது 50 சதவீத உயர்வு. அந்த இடைவெளியில் எண்ணிக்கையைக் கூட்டுவதா, மெதுவாக இறக்குவதா, இன்னொரு செட், அதாவது இன்னொரு சுற்று, சேர்ப்பதா என்று படிப்படியாகச் சொல்லித் தரும் புத்தகம் கிடைத்தால், விலை சற்றுக் கூடுதலானாலும் வாங்கிவிடுங்கள்.

வெளிநாட்டுக் கையேடாக இருந்தால், எடை பவுண்டில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 10 பவுண்டு என்பது சுமார் 4.5 கிலோதான்; அதைக் கிலோ என்று எண்ணி டம்பெல் வாங்கினால், புதிதாகத் தொடங்குகிறவரின் தோள்பட்டை முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ளும்.