ம்வே ப்வேயா, ம்வே ஹௌக்கா?

வணக்கம் மக்களே. பர்மாவில் பெகு பக்கம் நெல் அறுவடை தொடங்கிவிட்டது. நம் ஆட்கள் நிறைய பேர் வயலில் நிற்கிறீர்கள், அதனால் இன்றைக்குப் பாம்புப் பேச்சு.

யூடியூபில் பாம்புக்கடி என்று தமிழில் தேடினால் தமிழ்நாட்டு வீடியோதான் வரும். அங்கே நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து. நம் பர்மாவில் தயாராகும் மருந்து அப்படி இல்லை. கண்ணாடி விரியனுக்குத் தனி, நல்ல பாம்புக்குத் தனி. மாற்றி ஏற்றினால் பலன் இருக்காது. ஆகவே ஆஸ்பத்திரியில் பர்மியப் பெயரைச் சொல்லத் தெரிய வேண்டும். கண்ணாடி விரியன் ம்வே ப்வே, நல்ல பாம்பு ம்வே ஹௌக். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

சரி, முதலில் ம்வே ப்வே. தடித்த உடம்பு, முக்கோணத் தலை, முதுகில் சங்கிலி கோத்த மாதிரி மூன்று வரிசைப் புள்ளி. எலியைத் தேடி வயலுக்கு வரும், கதிர்க்கட்டுக்கு அடியில் சுருண்டு கிடக்கும். கிட்டே போனால் பலமாகச் சீறும். சத்தம் கேட்டதும் அப்படியே நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். இதன் விஷம் ஏறினால் இரத்தம் உறையாது, சிறுநீரகம் கெடும். பாம்பைப் பார்க்காவிட்டாலும் ஒரு சோதனை உண்டு: சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைப்பார்கள். சாய்க்கும்போது உறையாமல் ஓடினால் பெரும்பாலும் விரியன்தான்.

ம்வே ஹௌக் படம் எடுக்கும். கடித்தால் இமை தொங்கும், பிறகு மூச்சு திணறும்.

கட்டுவிரியன் வகைதான் எனக்குப் பெரிய பயம். ஜோ ஸ்லோவின்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர், மண்டலே பக்கத்து விஷம் துப்பும் நாகத்தைத் தனி இனம் என்று 2000இல் எழுதிய இருவரில் ஒருவர். 2001இல் கச்சின் மலையில், விஷமில்லாதது என்று கொடுத்த பைக்குள் கையை விட்டார். உள்ளே இருந்தது கட்டுவிரியன். மறுநாள் உயிர் போய்விட்டது. அவ்வளவு படித்தவருக்கே இப்படி என்றால், கோடு போட்ட எந்தப் பாம்பையும் நாம் தொடவே வேண்டாம்.

கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறியாதீர்கள், கயிறு கட்டாதீர்கள். கையோ காலோ அசையாமல் வைத்து உடனே வண்டி ஏற்றுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுவரவும் வேண்டாம், வெட்டிய தலைகூடக் கடிக்கும். முடிந்தால் தூர நின்று போனில் ஒரு படம் எடுங்கள், போதும். அப்புறம் நாளைக்கு வயலில் இறங்குகிறவர்கள் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போடுங்கள், செருப்போடு போகாதீர்கள்.