வானொலியில் எதிர்க்கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தலாமா?

வணக்கம். ஜூரோங்கிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்க வானொலி நிலையங்கள் எதிர்த்தரப்புக் கருத்தையும் ஒலிபரப்ப வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்ததாமே? அதை நீக்கியதால்தான் ஒரே கட்சிக்காகப் பேசும் வானொலிகள் பெருகின என்கிறார்கள். அதை மீண்டும் கொண்டுவந்தால் நல்லதுதானே?"

அந்த விதிக்கு நியாயக் கொள்கை என்று பெயர். 1949இல் அமெரிக்கக் கூட்டரசுத் தொடர்பு ஆணையம் அதை வகுத்தது. பொதுமக்களைப் பாதிக்கும் சர்ச்சைகளை நிலையங்கள் பேசியாக வேண்டும், பேசும்போது மாற்றுக் கருத்துக்கும் தகுந்த வாய்ப்பு தர வேண்டும் என்பவை அதன் இரு கடமைகள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் சரிபாதி நேரம் ஒதுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இருக்கவில்லை. ஒரு நிலையத்தின் ஒலிபரப்பு மொத்தத்தில் நியாயமாக இருக்கிறதா என்பதே கேள்வி.

அலைவரிசைகள் குறைவு, உரிமம் பெற்றவர் பொதுச்சொத்தைப் பயன்படுத்துகிறார், ஆகவே கேட்பவரின் உரிமையே முதன்மையானது என்ற வாதத்தை 1969இல் ரெட் லயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஏற்றது. அழகான வாதம்தான், எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. ஆனால் அந்த வழக்கின் பின்னணியையும் நாம் பார்க்க வேண்டும். பென்சில்வேனியாவின் ஒரு சிறு நிலையத்தில் 1964இல் பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ் என்ற போதகர், பிரெட் குக் என்ற எழுத்தாளரைத் தாக்கிப் பேசினார். குக் பதிலளிக்க இலவச நேரம் கேட்டார். அவருக்குப் பின்னால், அப்போது ஆட்சியிலிருந்த ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு இருந்தது என்பதும், தங்களுக்கு எதிராகப் பேசும் நிலையங்களை அலைக்கழிக்கக் கட்சிக்காரர்கள் இந்த விதியைத் திட்டமிட்டே பயன்படுத்தினார்கள் என்பதும் பின்னர் வெளியே வந்தன. கேட்பவரைக் காக்க வந்த விதி, ஆளுங்கட்சியின் கையில் ஆயுதமானது. உரிமம் புதுப்பிக்கப்படுமா என்ற கவலையிலும், வழக்குச் செலவுக்கு அஞ்சியும், ஒரு சிறு நிலைய உரிமையாளர் சர்ச்சையைத் தொடாமலே விட்டுவிடுவார். இரு தரப்பையும் கேட்க வேண்டிய மக்கள் கடைசியில் எந்தத் தரப்பையும் கேட்பதில்லை. என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

1987இல் ஆணையமே இந்தக் கொள்கையைக் கைவிட்டது. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் ரீகன் அதே ஆண்டு தடுத்திருந்தார். 1988இல் வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கியது. ஆனால் இசையெல்லாம் எஃப்எம் பக்கம் போய்விட்டதால், ஏஎம் நிலையங்கள் பிழைப்பதற்குப் பேச்சைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. செயற்கைக்கோள் ஒலிபரப்பும் எளிதாகிவிட்டது. லிம்பாவே, கொள்கை நடப்பில் இருந்தபோதே சாக்ரமெண்டோவில் பேச்சு நிகழ்ச்சி நடத்தியவர். ஆகவே பேச்சு வானொலியின் வளர்ச்சிக்கு விதி நீங்கியது ஒரு காரணம் மட்டுமே.

மீண்டும் கொண்டுவரலாமா என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. எந்தக் கருத்து போதிய அளவு ஒலித்தது என்று எடைபோடும் அதிகாரத்தை, உரிமம் தரும் அமைப்பிடமே ஒப்படைப்பது ஆபத்து. நம் சிங்கப்பூரில் பொதுத்தேர்தல் கால அரசியல் கட்சி ஒலிபரப்பை எண்ணிப் பாருங்கள். குறைந்தது 6 வேட்பாளர்களை நிறுத்தும் கட்சிக்கு நேரம் உண்டு. எத்தனை நிமிடம் என்பதை வேட்பாளர் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. பெரிய கட்சிக்கே அதிக நேரம் கிடைக்கிறது என்ற குறை இதில் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒதுக்கீட்டுக்கு அளவுகோல் எண்ணிக்கைதான். கட்சி சொல்லும் கருத்தின் தரத்தைப் பார்த்து யாரும் நிமிடங்களைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. அமெரிக்காவிலும் வேட்பாளர்களுக்குச் சமவாய்ப்பு தரும் 1934ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு இன்றும் நடப்பில் இருக்கிறது. நேயர் கேட்கும் நியாயத்தை இத்தகைய விதிகளை விரிவாக்கித் தேடுவதே பாதுகாப்பானது.