எலும்பிலிருந்து உணவைப் படிப்பது: மாணவர்கள் எங்கே தொடங்க வேண்டும்?

[காட்சி: ஆய்வுக்கூட மேசை. தட்டில் ஒரு விலா எலும்புத் துண்டு.]

ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் என்ன சாப்பிட்டார் என்பது அவருடைய எலும்பில் பதிந்திருக்கிறது. அதைப் படிக்க இளங்கலை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் முதலில் அவர்கள் கையில் விலங்கு எலும்பைத்தான் கொடுக்க வேண்டும். ஆய்வுக்காகக் கரைத்த துண்டு திரும்பக் கிடைக்காது. ஒரு மனிதரின் உடலை வைத்துக் கை பழகுவது சரியில்லை.

[காட்சி: அமிலத்தில் ஊறும் எலும்பு.]

எலும்பைச் சுத்தம் செய்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால், சில நாட்களில் கனிமம் கரைந்து கொலாஜன் என்ற புரதம் மிஞ்சும். அதைச் சூடாக்கிக் கரைத்து, வடிகட்டி, உறையவைத்து உலர்த்துவார்கள். சுமார் அரை மில்லிகிராம் போதும், அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அளந்துவிடும்.

[காட்சி: திரையில் இரண்டு எண்கள்.]

முதல் எண் கார்பன் ஐசோடோப்பு. ஐசோடோப்பு என்றால் ஒரே தனிமத்தில் எடை மாறுபடும் அணு வகை. மக்காச்சோளமும் சோளமும் ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் வேறு, கோதுமையும் நெல்லும் செய்யும் விதம் வேறு. அதனால் அந்தப் பயிர்களிலும், அவற்றைச் சாப்பிட்டவரின் எலும்பிலும், கார்பன் 13 என்ற கனமான வகையின் அளவும் மாறுகிறது. 1977-இல் வோகல், வான் டெர் மெர்வே என்ற இரு ஆய்வாளர்கள் நியூயார்க் மாநிலத்துப் பழைய எலும்புகளில் மக்காச்சோளத்தின் வருகையை இப்படித்தான் கண்டார்கள். இரண்டாவது எண் நைட்ரஜன். உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் அதன் கனமான வகையான நைட்ரஜன் 15 ஆயிரத்துக்கு 3 முதல் 5 பங்கு வரை கூடும்.

உண்மையான பயிற்சி இதற்குப் பிறகுதான். கொலாஜன் கெடாமல் இருக்கிறதா? கார்பன், நைட்ரஜன் அணுக்களின் விகிதம் 2.9-க்கும் 3.6-க்கும் இடையில் இல்லையென்றால் அந்த முடிவை ஒதுக்கிவிட வேண்டும், அது எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும்.

விகிதம் சரி, நைட்ரஜன் அதிகம். உடனே "மீன் சாப்பிட்டிருக்கிறார்" என்று எழுதத் தோன்றும். அவசரம் வேண்டாம். எருவிட்ட வயலில் விளைந்த தானியமும் அந்த எண்ணை உயர்த்தும், வறண்ட நிலமும் உயர்த்தும். நெடும் பட்டினியில் உடல் தன் தசையையே கரைத்தாலும் உயரலாம். குழந்தையின் எலும்பு என்றால் தாய்ப்பாலே காரணமாக இருக்கலாம்.

எனவே இடத்தின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்து, சாத்தியமான எல்லா விளக்கங்களையும் மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். எதை எதனால் விலக்கலாம் என்று அவர்களே வாதிடட்டும். "அதே இடத்து ஆடு, மாடு எலும்புகளின் அளவு எவ்வளவு?" என்ற கேள்வி சீக்கிரமே அவர்களிடமிருந்து வரும். அந்த அடிப்படை அளவு இல்லாமல் மனித எலும்பின் எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது.

[காட்சி: பல்லின் நெருக்கக் காட்சி.]

கொலாஜன் பெரும்பாலும் புரத உணவையே காட்டும். மாவுச்சத்தைத் தேட, பல் காறையில், அதாவது பல்லில் படிந்து இறுகிய அழுக்கில், சிக்கிய ஸ்டார்ச் (மாவுச்சத்து) துகள்களை நுண்ணோக்கியில் பார்க்கலாம். தொடை எலும்பு பல ஆண்டுகளின் சராசரியைத் தரும், பல்லோ குழந்தைப் பருவத்தைத் தரும். எதை அறிய வேண்டும் என்று முடிவு செய்த பிறகே எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும்.