டேப்பா, ரெக்கார்டா?

வணக்கம். ஹெவி மெட்டல், அதாவது கிட்டார் அதிரும் முரட்டு ராக் இசை, என்று காதில் விழுந்ததுமே ரேடியோவை அணைக்கக் கையை நீட்டியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பாட்டு எதையும் போட்டு உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை. நான் பேச வந்தது பெரும்பாலும் ஸ்டுடியோவில் பாட்டைப் பதிவு செய்த அசல் டேப்பைப் பற்றித்தான்.

1979-லிருந்து நாலைந்து வருடம், பிரிட்டனில் ஊருக்கு ஊர் ஹெவி மெட்டல் குழுக்கள் முளைத்தன. 'சவுண்ட்ஸ்' என்ற இசை வார இதழ் இதற்குப் 'பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை' என்று பெயர் வைத்தது. அந்த அலையில் அயர்ன் மெய்டனும் டெஃப் லெப்பர்டும் கரையேறிவிட்டார்கள். மற்றவர்களில் பலர் கைக்காசைப் போட்டு ஐந்நூறோ ஆயிரமோ ரெக்கார்டு அச்சடித்தார்கள், கச்சேரி வாசலில் விற்றார்கள், அப்புறம் வேலை, கல்யாணம் என்று போய்விட்டார்கள்.

லண்டனின் வடமேற்குப் பகுதியான கிங்ஸ்பரியில் ஒரு மதுக்கடையை ஒட்டிய கூடத்தில் நீல் கே என்பவர் இந்த ரெக்கார்டுகளைப் போடுவார். வந்தவர்கள் அட்டையிலும் பலகையிலும் வெட்டிய பொய்க் கிட்டாரை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுவார்கள். அவர்கள் எதை அதிகம் கேட்டார்களோ, அது பட்டியலாகி 'சவுண்ட்ஸ்' இதழில் அச்சாகும். அயர்ன் மெய்டன் கேம்பிரிட்ஜில் பதிவு செய்த டெமோ டேப், அதாவது மாதிரிப் பதிவு, இவர் கைக்கு வந்து, அந்தப் பட்டியலில் ஏறி, 1979 கடைசியில் 5,000 பிரதி ரெக்கார்டாகவும் வந்தது. சரியான ஆள் கையில் டேப் போய்ச் சேர்ந்தால் இப்படி நடக்கும்.

போய்ச் சேராவிட்டால்? ஸ்டவர்பிரிட்ஜ் ஊர்ப் பையன்கள் நாலு பேர், டைமண்ட் ஹெட் என்று ஒரு குழு. அப்போது பெரிய கம்பெனி எதுவும் ஒப்பந்தம் போடவில்லை. பாடகரின் அம்மாதான் மேனேஜர்களில் ஒருவர். 1980-ல் வொர்செஸ்டர் நகரத்து ஸ்டுடியோ ஒன்றில் ஒரே வாரத்தில் முழு ஆல்பத்தையும் முடித்தார்கள். சுமார் ஆயிரம் பிரதி. உறையில் தலைப்பு இல்லை, படம் இல்லை, குழுவின் பெயர்கூட இல்லை. வெறும் வெள்ளை அட்டை, அதில் நால்வரில் யாராவது ஒருவர் பேனாவால் போட்ட கையெழுத்து. அவ்வளவுதான். இன்று சேகரிப்பாளர்கள் அந்த வெள்ளை அட்டைக்காக அலைகிறார்கள்.

அசல் டேப் ஜெர்மனியில் ஒரு கம்பெனிக்குப் போனது. ரெக்கார்டு வெளிவந்தது, டேப் வீடு திரும்பவில்லை. பல காலம் கழித்துத்தான் மீண்டும் கிடைத்தது. அதுவரை சிடி போட விரும்பியவர்கள் பழைய ரெக்கார்டையே ஓட்டி அதிலிருந்து நகல் எடுக்க வேண்டியிருந்தது.

இதற்குள் இன்னொரு கதை. 1981-ல் லார்ஸ் உல்ரிக் என்ற 17 வயதுப் பையன் இவர்களைப் பார்க்கவென்றே அமெரிக்காவிலிருந்து லண்டனுக்கு விமானம் ஏறினான். வூலிச்சில் கச்சேரி கேட்டான். அதோடு விட்டானா? கிட்டார் வாசித்த பிரையன் டாட்லரின் வீட்டிலேயே போய்த் தங்கிவிட்டான். ஊர் திரும்பி அதே வருடம், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மெட்டாலிகா குழுவைத் தொடங்கினான். டைமண்ட் ஹெட்டின் 'ஆம் ஐ ஈவில்?' பாட்டை 1984-ல் மெட்டாலிகா பதிவு செய்தது. மெட்டாலிகாவின் பாட்டு என்றே நினைத்து அதைக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். அசல் எங்கே என்று தேடிப் போனவர்களுக்கு அந்த ரெக்கார்டு நகல்தான் கிடைத்தது.

அதனால்தான் எந்த மறுவெளியீட்டை வாங்கினாலும் முதலில் பின் அட்டையின் பொடி எழுத்தைப் பாருங்கள் என்கிறேன். டேப்பா, ரெக்கார்டா? ரெக்கார்டிலிருந்து எடுத்தால் ஊசி உரசுகிற கிறுகிறுப்பும் கூட வரும். அதைத் துடைக்கப் போனால் டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டான சிம்பலின் ஓசையும் சேர்ந்து போய்விடும்.

டேப் கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அந்தக் காலத்து டேப்புகள் பலவற்றில், காந்தத் தூளை ஒட்டவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிவிடும். மழைக்கால அப்பளம்போல நமுத்துப்போகும். அப்படியே ஓட்டினால் பிசுபிசுவென்று மெஷினில் ஒட்டி, தூள் உரிந்துவிடும். பாட்டும் அதோடு சரி. அதனால் டேப்பைச் சுமார் 50 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுப்பார்கள். நிஜமாகவே அடுப்பில் வைப்பதுதான். பிறகு சில வாரம் தாங்கும், அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு மீட்டுவிட்டு, கடைசியில் சிலர் ஒரு காரியம் செய்வார்கள். சத்தம் குறைந்த இடத்தையும் உச்ச இடத்தையும் ஒரே சத்தத்துக்குத் தூக்கிவிடுவார்கள். எனக்கு இதில் தீராத கோபம். ஒரு வாரத்தில் அவசரமாகப் பதிவான பாட்டு அவசரமாகத்தான் ஒலிக்க வேண்டும். டிரம்ஸ்காரர் முந்திப் போகிறாரா, போகட்டும்! அதைத் திருத்த நாம் யார்?

பாருங்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். நியூகாசில் பக்கம் வால்சென்ட் ஊரின் நீட் ரெக்கார்ட்ஸ் என்ற ரெக்கார்டு கம்பெனி பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முடியாது. ஜெர்மனியின் ஹை ரோலர், அமெரிக்காவின் ஷேடோ கிங்டம் என்று பிரிட்டனுக்கு வெளியே இருக்கும் சிறு கம்பெனிகள் இந்தப் பழைய சரக்கைத் தோண்டி எடுக்கின்றன என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரே ஒரு பெயர், பேகன் ஆல்டர். லண்டன் குழு. அப்பா டெர்ரி ஜோன்ஸ் பாட்டு, மகன் ஆலன் கிட்டார். 1982-ல் அவர்கள் ஆல்பம் கேசட்டாக வந்தது, திருட்டு நகல்களாகச் சுற்றியது, 1998-ல்தான் 'வால்யூம் 1' என்று முறையாக சிடி ஆனது. இதுவரை எதையும் கேட்காதவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைத்து. வணக்கம்.