கொரில்லாவைப் பார்க்கப் போகிறவர் பையில் என்ன இருக்க வேண்டும்

வணக்கம் மக்களே. பின்னால் கொடியில் தொங்குவதைப் பாருங்கள், இன்று காலை நான் போட்டுக்கொண்டு போன பேண்ட், முழங்கால் வரைக்கும் சேறு, தொடையில் முள் இழுத்த கோடு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் காட்டிலிருந்து திரும்பினேன். உகாண்டாவில், புவிண்டி தேசியப் பூங்காவின் ருஹிஜா பகுதியில் இருக்கிறேன். கொரில்லாவைப் பார்த்த கதையைத் தனி வீடியோவாகப் போடுகிறேன். இன்றைக்குப் பையையும் துணியையும் பற்றி மட்டும் பேசலாம், சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட்டால்தான் எது உதவியது, எது சும்மா தோளை அழுத்தியது என்று சரியாகச் சொல்ல முடியும்.

முதலில் நடை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். விடியற்காலையிலேயே டிராக்கர்கள் கிளம்பி, முந்தைய நாள் கொரில்லாக்களைப் பார்த்த இடத்துக்குப் போய், அங்கிருந்து தடம் பிடித்து வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வழிகாட்டி அதைக் கேட்டு, கத்தியால் செடிகொடியை வெட்டி வழி பண்ணிக்கொண்டு முன்னால் போவார், நாம் பின்னால். சிலருக்கு ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும், சிலருக்கு ஆறு மணி நேரமும் ஆகும். எங்களுக்கு மூன்றரை மணி நேரம். அதில் பாதிக்கு மேல் இறக்கம், அதாவது திரும்பும்போது அத்தனையும் ஏற்றம். புவிண்டியின் உயரம் 1,160 மீட்டரிலிருந்து 2,607 மீட்டர் வரை போகிறது, ருஹிஜா அதில் உயரமான பக்கம், ஊட்டி காலைக் குளிரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதோ, இந்தக் கையுறையைப் பாருங்கள். பையில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் இடம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். தோட்ட வேலைக்குப் போடுவது, உள்ளங்கையில் ரப்பர் பூசியது, மலையேறுகிறவர்களின் விலை உயர்ந்த கையுறை தேவையே இல்லை. ஏன் என்றால், சரிவில் கால் வழுக்கும், வழுக்கினால் கை தானாக எதையாவது பிடிக்கும், பிடித்தது காஞ்சொறியாக இருக்கும். நம் ஊர் செந்தட்டி பட்டவர்களுக்குத் தெரியும் அந்த எரிச்சல். பாருங்கள், இந்த மணிக்கட்டுப் பக்கம் கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது, அங்கே மட்டும் எப்படித் தடித்திருக்கிறது. இரண்டு மணி நேரம் விறுவிறுவென்று எரிந்தது. அதனால் முழுக்கை சட்டை, அதுவும் மணிக்கட்டில் பட்டன் போடுகிற சட்டை.

பேண்ட் கெட்டியாக இருக்கட்டும், ஆனால் ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கல் மாதிரி கனக்கும், காயவும் காயாது. காட்டன் டி-ஷர்ட்டுக்கும் அதே கதைதான், ஏறும்போது வியர்வையில் நனையும், நின்றவுடன் குளிரும். சீக்கிரம் காயும் துணியில் உள்ளே ஒன்று, மேலே முழுக்கை, காலைக்கு மட்டும் ஒரு மெல்லிய ஸ்வெட்டர், அது அரை மணி நேரத்தில் பைக்குள் போய்விடும்.

பேண்டின் கீழ்நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், இது அழகுக்கான விஷயம் இல்லை. சஃபாரி எறும்பு என்று ஒன்று இருக்கிறது, கயிறு போல வரிசையாகப் பாதையைக் கடக்கும், தெரியாமல் மேலே கால் வைத்துவிட்டால் பேண்டுக்குள் ஏறிக் கடிக்கும், கடித்தால் எளிதில் விடாது. எங்களோடு வந்த ஒருவர் சாக்ஸைச் சுருட்டி விட்டிருந்தார், நடுக்காட்டில் அவர் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு எல்லோரும் குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டோம். அதற்கு மேல் கெய்ட்டர், அதாவது கணுக்காலிலிருந்து முழங்கால் பக்கம் வரை சுற்றிக் கட்டும் உறை, கட்டினால் இன்னும் நல்லது. காலணி கணுக்காலை மூடுகிற பூட்ஸ், ஏற்கெனவே ஒரு மாதமாவது போட்டு நடந்தது. புதிதாக வாங்கிக்கொண்டு இங்கே வராதீர்கள். அப்புறம், கால் நகத்தை வெட்டிவிட்டு வாருங்கள், இறக்கத்தில் விரல் நுனி பூட்ஸில் இடித்துக்கொண்டே இருக்கும்.

மழைச்சட்டை எந்த மாதமானாலும் வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் மழை குறைவு என்பார்கள், இது மழைக்காடு, குறைவு என்றாலும் பெய்யும். போர்வை மாதிரி தலை வழியாகப் போடுகிற போன்சோ வேண்டாம், முள்ளில் மாட்டிக்கொள்ளும்.

நிறம் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பளிச்சென்று வேண்டாம், மண் நிறம், பாசி நிறம், சாம்பல் போதும். ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள், ராணுவ உடை போலப் பச்சைத் திட்டுத்திட்டான துணி கூடவே கூடாது. உகாண்டாவில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம், காட்டுக்கு ஏற்றது என்று நினைத்து வாங்கி வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து தள்ளிவிடாமல் கேளுங்கள். 1996இல் இதே புவிண்டியில் ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு முடி கொட்டி, தோல் வெளுத்துச் செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. போய்ப் பார்த்தவர் உகாண்டா வனவிலங்குத் துறையின் முதல் கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா. அது சிரங்கு. குட்டி ஒன்று இறந்துவிட்டது, மற்றவை ஊசி மருந்தில் பிழைத்தன. எங்கிருந்து வந்தது? காட்டோரத் தோட்டங்களுக்கு வாழை தின்ன வரும் கொரில்லாக்கள், அங்கே சோளக்கொல்லைப் பொம்மைக்குப் போட்டிருந்த பழைய துணியைத் தொட்டு எடுத்துப் பார்த்திருக்கின்றன, அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. யோசித்துப் பாருங்கள், ஒரு கந்தல் சட்டை. அவர் பிறகு 2003இல் ஆரம்பித்த அமைப்பு, மனிதர்களின் சுகாதாரத்தையும் கொரில்லாவின் சுகாதாரத்தையும் சேர்த்தே கவனிக்கிறது, இரண்டும் ஒன்றுதான் என்று புரிந்துபோனதால்.

2018இல் வெளியான கணக்கின்படி உலகத்தில் மலைக் கொரில்லா மொத்தம் ஆயிரத்துச் சொச்சம்தான். நம் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரும் கூட்டம். அதனால் நாம் போடுகிற துணி துவைத்த துணியாக இருக்க வேண்டும், பூட்ஸ் கழுவியதாக இருக்க வேண்டும், பையில் முகக்கவசம் இரண்டு மூன்று இருக்க வேண்டும். ஒன்று போதாது, ஏறும்போது வியர்வையில் நனைந்துவிடும், கொரில்லா பக்கத்தில் வந்ததும் காய்ந்த ஒன்றை மாற்றிப் போடுங்கள். 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி, ஆனால் அந்த விதி கொரில்லாவுக்குத் தெரியாது. இன்று ஒரு குட்டி தாயின் முதுகிலிருந்து இறங்கி, கொடியைப் பிடித்துக்கொண்டு நேராக எங்கள் பக்கம் வந்தது. வழிகாட்டி எங்களைப் பின்னால் தள்ளினார், நான் முகக்கவசத்தின் மேல் கையுறையையும் வைத்து அழுத்திக்கொண்டேன். அதன் விரல் நகம் தெரிந்தது, நம் பிள்ளைகளின் நகம் போலவே, உள்ளே மண் ஏறியிருந்தது.

சளி, காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள், மறைத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். அனுமதிச் சீட்டு இங்கே 800 டாலர், பக்கத்து நாடான ருவாண்டாவில் 1,500 டாலர், மனசு கேட்காது, தெரியும். ஆனாலும் காலையிலேயே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.

பையில் மீதி என்ன? இரண்டு லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பொடி, ஊரிலிருந்து கொண்டுவந்த கடலைமிட்டாய், தங்குமிடத்தில் கட்டிக்கொடுக்கும் மதிய உணவு. கொரில்லாவுக்கு அருகில் எதையும் சாப்பிடக் கூடாது, காகிதத் துண்டு முதற்கொண்டு எல்லாக் குப்பையும் நம்மோடு திரும்பி வர வேண்டும். கேமராவில் ஃபிளாஷ் வராதபடி முந்தைய நாள் இரவே அமைத்துவிடுங்கள். பெரிய லென்ஸ் எல்லாம் தேவைப்படவில்லை, கொரில்லாவோடு இருப்பதோ ஒரு மணி நேரம், லென்ஸ் மாற்ற நேரமில்லை.

பணம் தனியாக எடுத்து வையுங்கள், நம் பையைத் தூக்கி வரும் போர்ட்டருக்கு. 15, 20 டாலர்தான், பக்கத்துக் கிராமத்துக்காரர்கள், காட்டைக் காப்பாற்றுவதால் அவர்கள் வீட்டுக்கு நேராகப் போய்ச் சேரும் காசு இது. பை கனமாக இல்லையே என்று வேண்டாம் என்று சொல்லாதீர்கள். என் பையைத் தூக்கிய அக்கா, சேற்றுச் சரிவில் என் கையைப் பிடித்து எத்தனை தடவை மேலே இழுத்திருப்பார் என்று எண்ணவில்லை. டாலர் நோட்டு புதியதாக, மடிப்புக் கிழிசல் இல்லாமல் இருக்கட்டும், 2009க்கு முன் அச்சிட்டதை வாங்க மாட்டார்கள்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம், ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும், அதனால் கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஊர் திரும்பும்போதும் அதைக் கேட்பார்கள், பாஸ்போர்ட்டோடு சேர்த்து ஜிப் கவரில் வையுங்கள். மலேரியா மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நான் சொல்வதைக் கேட்டுச் சாப்பிட வேண்டாம்.

சரி, வெளிச்சம் போகிறது. நாளைக்கு கிபாலே காட்டுக்குச் சிம்பன்சி பார்க்கக் கிளம்புகிறோம், அதற்குள் இந்த பூட்ஸை வாளியில் முக்கி, அடிப்பள்ளத்தில் இருக்கும் சேற்றைப் பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுக்க வேண்டும், இந்த மண்ணை அந்தக் காட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பல்துலக்கியையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.