சாண் என்ன, முழம் என்ன?

எல்லோருக்கும் வணக்கம்.

மேடையில் இருப்பவர்களை வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். போன வருடக் கூட்டத்தில் ஒருவரை விட்டுவிட்டேன், மீன் வாங்கப் போகும்போதெல்லாம் இன்னும் கேட்கிறார். தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களுக்கும், எத்தனையோ வேலைக்கு நடுவில் ராமநாதபுரத்திலிருந்து வந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களுக்கும், மீன்வளத்துறை ஆய்வாளர் அவர்களுக்கும், ஜமாத் தலைவர் அவர்களுக்கும், பங்குத்தந்தை அவர்களுக்கும், விசைப்படகுச் சங்கத்தார், நாட்டுப்படகுச் சங்கத்தார் இரு தரப்புக்கும், (இருவரையும் ஒரே பந்தலில் உட்கார வைத்த வாசகர் வட்டத்துப் பிள்ளைகளுக்கு என் தனிப் பாராட்டு), கடல்பாசி எடுக்கப் போகாமல் இன்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களுக்கும் என் வணக்கம்.

‘நம் கடற்கரையும் பேரிடரும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்தேன். ஒன்று புயல், இரண்டு வறட்சி, மூன்று கடல் அரிப்பு. நேரம் நாற்பது நிமிடம் என்றார்கள். வணக்கம் சொல்லியே ஐந்து நிமிடம் போய்விட்டது.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? எந்தப் பேச்சை எடுத்தாலும், கடன் வாங்கினாலும் கல்யாணம் நின்றாலும், கடைசியில் இதைச் சொல்லித் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவோம். எனக்கு இந்தப் பழமொழிமேல் நாற்பது வருடக் கோபம். வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சரி. தலைக்குக் கீழே இருக்கிற வரைக்கும் சாண் சாண்தான், முழம் முழம்தான். ஒரு சாண் குறைந்தால் பிள்ளை பிழைக்கும். இன்று நான் பேச வந்ததே இந்த ஒரு சாணைப் பற்றித்தான்.

தமிழகத்தின் கடற்கரை 1,076 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதில் ஏறத்தாழ 237 கிலோமீட்டர் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வழியாக வந்து, இராமேசுவரம் தீவைச் சுற்றிக்கொண்டு, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று போகிறது. வடகடல் என்று நாம் சொல்லும் பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடத்தில் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் ஆழம் கிடையாது. புயல்காற்று தண்ணீரைக் கரையை நோக்கித் தள்ளும்போது, ஆழமான கடலாக இருந்தால் அது அடியில் திரும்பிப் போக இடம் இருக்கும். ஆழமில்லாத கடலில் எங்கே போகும்? ஊருக்குள்தான் வரும். புயலின் நடுவில் காற்றழுத்தம் வேறு குறைகிறது. ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு எழும்பும். அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி ஓதமும், அதாவது கடலேற்றமும், சேர்ந்துகொண்டால், கேட்க வேண்டாம்.

2004 சுனாமியில் நாகப்பட்டினம் பட்ட பாட்டை நாம் படவில்லை. இலங்கை குறுக்கே நின்று மறைத்தது. அதிலிருந்து நம் ஆட்களுக்கு ஒரு தெம்பு. ‘நமக்கு என்னண்ணே, இலங்கை இருக்குல்ல?’ என்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயல் எந்த வழியாக வந்தது? அதே இலங்கையைத் தாண்டித்தான் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தை நாற்பத்தாறு நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடியை மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்று அறிவித்துவிட்டார்கள்.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அந்த இரவு பாம்பனில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. எனக்கு நாலு வயது. என் அப்பத்தா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உரல்மேல் ஏறி விடிய விடிய நின்றாள். விடிந்து தண்ணீர் வடிந்ததும் சுவரில் ஈரக்கோடு தெரிந்தது. அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து அந்த ஈரத்தின்மேலேயே ஒரு கோடு போட்டாள். வருடா வருடம் பொங்கலுக்கு வெள்ளையடிப்போம். அந்தக் கோட்டில் மட்டும் மட்டை படக்கூடாது.

1984-ல் தங்கச்சி கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று அப்பா டிஸ்டெம்பர் அடிக்க ஆள் வைத்தார். வந்தவர் வெளியூர்க்காரர். சுவரில் ஏதோ அழுக்கு என்று நினைத்து இரண்டு பூச்சாக அடித்து மறைத்துவிட்டார். அப்பத்தா மத்தியானம் தூங்கி எழுந்து பார்த்தாள். அவ்வளவுதான். ‘சோறு வேணாம், என் கோட்டக் கொண்டா’ என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். சமையல்காரர் வந்தாயிற்று, வாழைத்தார் வந்தாயிற்று, கிழவி எழுந்திருக்கவில்லை.

அப்பா இறங்கி வந்தார். ‘சரி ஆத்தா, எவ்வளவு உயரம்னு சொல்லு, திரும்பப் போடறேன்’ என்றார். அப்பத்தா சுவரை ஒட்டி நின்று, ‘இந்தா, என் இடுப்புக் கொசுவத்துக்கு நேரே’ என்றாள். அப்பா சிரித்துவிட்டார். ‘இருபது வருசத்துல நீ ஒரு சாண் கூனிட்டியே ஆத்தா!’ அதற்கு அவள் விடவில்லை. ‘அப்ப உரலைக் கொண்டா. உரல்மேல நின்னப்ப கணுக்கால் நனைஞ்சுச்சு’ என்றாள். உரல் எங்கே? இடையில் தரை மெழுகி மெழுகி மேடாகி, உரல் நாலு விரல் புதைந்து கிடந்தது. கொசுவம் ஒரு கணக்கு, உரல் ஒரு கணக்கு. பந்தல் போட வந்தவன் கீற்றைப் போட்டுவிட்டுப் பஞ்சாயத்தில் சேர்ந்துகொண்டான்.

இந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. சம்பந்தி இறங்கினார். என்ன சத்தம் என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை, அப்பத்தாதான் சொன்னாள். அந்த மனிதர் அறுபத்துநாலாம் வருடப் புயலில் மண்டபம் ஊரில் கூரைமேல் கிடந்தவர். ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு தாம்பாளத்தில் இருந்த சந்தனக் கிண்ணத்தில் மூன்று விரலை விட்டு, ‘அம்மா, நீங்க சொல்ற இடம்’ என்று சுவரில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். அப்புறம்தான் கிழவி சாப்பிட்டாள்.

கை தட்டாதீர்கள். 2009-ல் அந்த வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டினோம். இடித்தது யார்? புவியியல் வாத்தியாராகிய நான்தான். கோட்டைப் படம்கூட எடுத்து வைக்கவில்லை. 1964-ல் எங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று காட்ட இன்று ஓர் அடையாளமும் இல்லை.

இப்போது வானொலியில், ‘கடல்நீர் வழக்கமான ஓதத்தை விட ஒரு மீட்டர் உயரலாம்’ என்று அறிவிக்கிறார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் அந்த ஒரு மீட்டர் என் வாசற்படிக்கு மேலா, கீழா? பாம்பன் துறைமுகத்தில் ஏழாம் எண் கூண்டு ஏற்றினால் ஏழு மோசமா, பத்து மோசமா என்று டீக்கடையில் தர்க்கம் நடக்கிறது. (எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் பேரபாயம். பதினொன்று என்றால் தகவல் தொடர்பே அறுந்துபோனது என்று அர்த்தம்.) ஆனால், ‘அறுபத்துநாலாம் வருடக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே வரை வரலாம்’ என்று சொல்லிப் பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளைகூடப் பையைத் தூக்கிவிடும்.

ஜப்பானில் அனேயோஷி என்று ஒரு சின்ன ஊர். 1933-ல் கடல் பொங்கி ஊரே அழிந்த பிறகு, மிஞ்சியவர்கள் மேட்டில் ஒரு கல் நட்டார்கள். இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று அதில் செதுக்கினார்கள். 2011-ல் சுனாமி வந்தபோது தண்ணீர் அந்தக் கல்லுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. போருக்குப் போய் மாண்டவனுக்கெல்லாம் நடுகல் நட்ட நமக்குக் கல் நடத் தெரியாதா? அதைத்தான் கேட்கிறேன். கடலோரத்தில் ஊருக்கு ஒரு வெள்ளக்கல். 1964-க்கு ஒரு கோடு. கீழக்கரைப் பக்கம் 1978 நவம்பர் 24-ல் கரை கடந்த புயலுக்கு ஒரு கோடு. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, வருடம் முழுக்க நமக்குக் கிடைப்பதில் பாதி, அந்த மழைநீர் தெருவில் நின்ற உயரத்துக்கு ஒரு கோடு.

வறட்சியைப் பற்றிப் பேசாமல் ராமநாதபுரத்தில் மேடை இறங்க முடியாது. கண்மாய், ஊருணி, வரத்துக்கால் என்று அதற்குத் தனிக் கூட்டமே வேண்டும். வாசகர் வட்டம் கூப்பிட்டால் வருவேன். கடல் அரிப்பைப் பற்றி மீன்வளத்துறை ஆய்வாளர் பேசுவார், என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

வட்டாட்சியர் அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேரிடர்ப் பாதுகாப்பு மையத்தின் வாசலில் முதல் கல்லை நட அனுமதி தாருங்கள். மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், இதோ பையில் இருக்கிறது. கல் செலவு ஊருடையது. மையத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அந்தக் கல்லிலேயே எழுதிவிடலாம் என்று பாசி எடுக்கும் அம்மா ஒருவர் வரும் வழியில் சொன்னார். எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. கூடவே 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணையும் எழுதுவோம்.

சாண் என்ன, முழம் என்ன என்று கேட்கிற பெரியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்த இரவு தண்ணீர் எதுவரை வந்தது என்று சொல்லக்கூடியவர்களும் நீங்கள்தான். உங்களில் சிலருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் பள்ளிக்கூட வாசலில் இருப்பேன். தெருத் தெருவாகப் போவோம், நீங்கள் காட்டுகிற இடத்தில் கோடு போடுவோம். சிவப்புப் பெயின்ட் ஒரு லிட்டர் வாங்கிவிட்டேன். டேப் வைத்திருக்கும் கொத்தனார் தம்பி யாராவது வந்தால் நல்லது. யாரும் இடுப்பைக் காட்டி அளவு சொல்ல வேண்டாம்.