அழுகிற பிடில்
(நகர நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, இன்னும் இரண்டு கூட்டம் பாக்கி இருந்தும் என் பேச்சு முடியும்வரை இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே (மேடையில் கொடுத்த வாக்கு, மாற்ற முடியாது), நூலகர் அம்மா அவர்களே, பாட்டு டீச்சர் அவர்களே, மைக்செட் தம்பியே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய அரிசி ஆலை அதிபர் ஐயாவுக்குத் தனி நன்றி. போன வருஷம் இந்த அரங்குக்கு நாலு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதில் மூன்று சுற்றுகிறது.

யூதர்களின் கல்யாண வாசிப்பான கிளெஸ்மர், அதிலும் அந்த வயலின், ஏன் இப்படி ஆளை இழுக்கிறது என்று பேசச் சொன்னார்கள். மூன்று சேதி வைத்திருக்கிறேன்: அழுகை, ஆட்டம், கப்பலேற்றம். முதலில் பழமொழி. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. இன்றைக்குத்தான் அது தானாக வந்து பொருந்தியிருக்கிறது.

கிளெஸ்மர் என்ற சொல், இசைக்கருவி என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. பிறகு கருவியை விட்டு, அதை வாசிக்கிற ஆளுக்குப் பெயராயிற்று. இசைக்கே அந்தப் பெயர் நிலைத்தது 1970-களுக்குப் பிறகுதான். இன்றைய உக்ரைன், போலந்து, ருமேனியாப் பக்கத்துச் சிற்றூர்களில் இட்டிஷ் மொழி பேசிய யூதர்களிடம் இது பரம்பரைத் தொழில். அப்பன், பிள்ளை, மருமகன் சேர்ந்தால் ஒரு குழு. முதல் வயலின் மெட்டைப் பாடும், இரண்டாவது வயலின் தாளத்துக்கு முட்டுக் கொடுக்கும். குச்சியால் தந்திகளைத் தட்டி வாசிக்கும் ட்சிம்பல், நம் காஷ்மீரத்துச் சந்தூர் வாத்தியத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. வயலினுக்கு இட்டிஷில் என்ன பேர் தெரியுமா? ஃபிடில்! நம் தாத்தாக்கள் சொன்ன அதே பிடில். உக்ரைனில் பெர்டிச்சேவ் ஊரில் யோசெலே டுருக்கர் என்று ஒரு வயலின்காரர், 1822-இல் பிறந்து 1879-இல் மறைந்தவர். ஸ்டெம்பென்யு என்ற பட்டப்பெயரைச் சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். அவரை வைத்து நாவலே வந்தது.

ஃப்ரைகிஷ் என்று அவர்களிடம் ஒரு சுரவரிசை. சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். டீச்சர் சிரிக்கிறார். ஆமாம் டீச்சர், வகுளாபரணம், நம் கர்நாடக இசையின் 72 தாய் ராகங்களில், அதாவது மேளங்களில், 14-ஆவது. இன்னொரு வரிசை 58-ஆவது மேளமான ஹேமவதியின் சுரங்களில் வந்து நிற்கும். சுரம்தான் ஒன்று. ராகமே ஒன்று என்று சொன்னால் டீச்சர் கீழே இறங்கியதும் என்னைச் சும்மா விடமாட்டார்.

சுரம் ஒன்றாக இருந்தும் நம் கச்சேரி மாதிரி ஏன் கேட்கவில்லை? அங்கேதான் க்ரெக்ட்ஸ் வருகிறது. இட்டிஷில் முனகல், பெருமூச்சு என்று பொருள். ஒரு சுரம் முடிகிற இடத்தில் விரல் ஒன்று தந்தியை அரைகுறையாகத் தொடும், வில் சட்டென்று அடங்கும். அழுதுகொண்டே பேசுகிறவருக்குத் தொண்டை அடைக்குமே, அந்தச் சத்தம். யூத ஆலயத்தில் வழிபாடு பாடுகிறவரின் குரலும் இப்படித்தான் உடையும். நான் எட்டு வருஷம் வயலின் கற்று வர்ணத்தோடு நின்றவன். இந்த க்ரெக்ட்ஸை மூன்று மாதம் முயன்றேன். கதவு கீல் சத்தம்தான் வந்தது.

கல்யாணத்திலும் முதல் வேலை அழவைப்பதுதான். மணப்பெண்ணை நடுவில் உட்காரவைத்து, பத்கென் என்கிற கல்யாணப் பாட்டுக்காரர் எதுகை வைத்து அவள் விட்டுப் போகிற வீட்டைச் சொல்லுவார். வயலின் கூடவே விசும்பும். பெண்கள் கூட்டம் கண்ணைத் துடைக்கும். அது முடிந்தால்தான் ஆட்டம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்!

இங்கே என் வீட்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திண்ணையில் ஸ்பீக்கரை வைத்து டோய்னா ஒன்று போட்டேன். ருமேனிய ஆட்டிடையர்களிடமிருந்து வந்த வகை, தாளம் கிடையாது, ஆலாபனை மாதிரி. இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, எதிர்வீட்டு அத்தை ஈரக்கையோடு ஓடி வந்தார். "யாருப்பா போயிட்டது?" "யாரும் போகல அத்தை, இது கல்யாணப் பாட்டு." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணத்துக்கா இந்த அழுகை? மாப்பிள்ளை அப்படி என்ன செஞ்சான்?" சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். டோய்னா முடிந்து ஃப்ரெய்லெக்ஸ் பிடித்தது. குதூகலம் என்று அர்த்தம், வட்டமாகக் கைகோத்து ஆடுகிற ஆட்டம். அத்தையின் கால் கட்டைவிரல் தாளம் போடுகிறது! "அத்தை, அடுப்புல ஏதாவது?" "இருக்கட்டும்டா." மாமா தேடி வந்தார். கருகல் வாடை அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. "சோறு தீஞ்சுபோச்சு" என்றார். "உக்காருங்க, இதக் கேளுங்க" என்றார் அத்தை. அவரும் உட்கார்ந்தார். மூன்று பேருக்கும் அன்றைக்கு ஓட்டல் பரோட்டா.

சாப்பிடும்போது அத்தை சொன்னார்: "எங்கம்மா ஒப்பாரி வச்சா இப்படித்தான் நடுவுல குரல் ஒடியும். அவங்க கூடவே போச்சு, எவன் புடிச்சு வச்சான்?" எனக்குப் பரோட்டா இறங்கவில்லை.

பிடித்து வைத்த ஒருவர் இருந்தார். மோய்செய் பெரெகோவ்ஸ்கி, 1892-இல் பிறந்தவர். கீவ் நகரத்தை மையமாக வைத்து ஊர் ஊராகப் போய்ப் பாட்டையும் வாசிப்பையும் அந்தக் காலத்து ஒலிப்பதிவான மெழுகு உருளைகளில் பதிந்தார், கையால் சுரம் எழுதினார். வாசித்த ஊர்களை நாஜிகள் அழித்தார்கள். பதிந்தவரை 1950-இல் சோவியத் அரசு கைது செய்து முகாமுக்கு அனுப்பியது. 1955-இல்தான் வெளியே வந்தார், 1961-இல் மறைந்தார். உருளைகள் தொலைந்தே போயின என்றுதான் உலகம் நினைத்தது. 1990-களில் கீவின் வெர்னாட்ஸ்கி நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. கவனியுங்கள், எங்கே இருந்தது? நூலகத்தில்! நூலகர் அம்மா நிமிர்ந்து உட்காருகிறார்.

நம் நூலக மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. உள்ளே உடைந்த நாற்காலி பதினொன்று, ஜன்னல் வழியாக நானே எண்ணினேன். அதைத் திறந்து, ஒரு நல்ல மைக்கும் ஒரு கணினியும் வையுங்கள். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி தெரிந்த பெரியவர்களை வாரம் ஒருவராக நாங்கள் அழைத்து வருகிறோம். மூன்று மனு கொடுத்தோம். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். முதல் மனு கிடைத்தது என்றார்கள், இரண்டாவது பரிசீலனையில் என்றார்கள், மூன்றாவதுக்கு முதல் மனுவின் நகல் கேட்கிறார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்றால், நாங்கள் இன்னும் எந்தச் சுருதியில் அழ வேண்டும், வட்டாட்சியர் ஐயா? வகுளாபரணத்திலா?

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. இரண்டாவது சேதியை அத்தை கட்டைவிரலோடு முடித்துக்கொள்கிறேன். மூன்றாவது, கப்பலேறி நியூயார்க் போனவர்களிடம் கிளாரினெட் எப்படி வயலினைப் பின்னுக்குத் தள்ளியது, 1995-இல் உலகப் புகழ் பெற்ற வயலின் கலைஞர் இட்சாக் பெர்ல்மன் இந்த இசையை வாசித்து எப்படித் திரும்ப மேடை நடுவில் நிறுத்தினார் என்பது. நூலகர் அம்மா இன்னொரு நாள் கொடுத்தால் சொல்கிறேன்.

நாலாவது மனுவுக்குக் கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது. பக்கத்தில் எதிர்வீட்டு அத்தை உட்கார்ந்திருக்கிறார். பேனா அவரிடம் இருக்கிறது. போடாமல் அவரைத் தாண்டிப் போகிறவர்களுக்கு நான் பொறுப்பில்லை. வணக்கம்.